வெள்ளை அணுவுக்கு எதிரி

பத்தமடை தாண்டி ஏறிய இருவர் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"செல்போன் டவர், ரத்தத்துல உள்ள வெள்ளை அணுவத் தூங்க வச்சிரும் வே. அதாம் ஊரக் கூட்டி மறியல் பண்ணி, நம்ம தெரு டவரக் கழட்ட வச்சேன்."

"நீங்க ரத்தம் டெஸ்ட் பண்ணுனியளா அண்ணாச்சி?"

"டவர் இருக்கும்போதே குடுத்துட்டேன். ரிப்போர்ட்டு போன்ல வந்துருக்காம். இப்பம் தெருவுல சிக்னல் இல்ல, திறக்க மாட்டேங்கு. அதாம் பஸ் ஏறிட்டேன்."

மேலப்பாளையத்தில் போன் சத்தமிட்டது. அண்ணாச்சி இரண்டு தடவை வாசித்தார்.

"வெள்ளை அணு சரியாத்தான் இருக்காம்."

பக்கத்திலிருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "தெருக்காரங்க யாருக்கும் இத அனுப்பிராதிய."

"அனுப்புனா மட்டும்? தெருவுல எவனுக்கு வே போய்ச் சேரும்?"