மூன்றில் ஒன்று பொய்

சர்க்கரை வேண்டாம், காப்பி இப்படியே நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்டது அந்த விளையாட்டைப் பற்றி. ஆமாம், முதல் நாள் காலையில் நடந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அறையில் இருந்த இருபத்திரண்டு பேரும் ராய்னா சொன்னதைக் கேட்டார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் ஆசிரியர் பயிற்சி அப்படித்தான் தொடங்கும். ஆளுக்கு மூன்று வாக்கியம், ஆங்கிலத்தில். இரண்டு உண்மை, ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கைதூக்கிச் சொல்ல வேண்டும். விடையைக் கடைசி நாள் மாலையில்தான் உடைப்பார்கள். தலைநகர் சோஃபியாவிலிருந்து வரும் எங்கள் பயிற்றுநர் ஸ்னெஜினா தொதேவாவின் ஏற்பாடு அது. மூன்று நாளும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இருப்போமாம், அதனால் பேச்சு வளருமாம்.

ராய்னா எழுந்து நின்று சொன்னாள். எனக்கு இரண்டு அண்ணன்கள். நான் கடலையே பார்த்ததில்லை. ஒரே ஒரு அக்ரூட் பருப்பு என்னைக் கொன்றுவிடும்.

பதினேழு பேர் அக்ரூட்டுக்குக் கைதூக்கினார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அக்ரூட் மரம் நிற்கிறது, யார் நம்புவார்கள்? பின்வரிசையில் இருந்த ஓக்னியான், எங்களில் ஒரே ஆண், பெர்னிக் ஊர்க்காரர், "அப்ப கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி உங்க வீட்டுல அக்ரூட்டுக்குப் பதிலா எதைம்மா உடைச்சு வருஷ பலன் பார்ப்பீங்க, முட்டையையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விதியை மதிப்பவள். விடையைச் சொல்லவில்லை.

நானும் அக்ரூட்டுக்குத்தான் கைதூக்கினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ராய்னாவும் நானும் ஒரே மழலையர் பள்ளியில் வேலை செய்தோம். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது ஆறு ஆண்டுகளாக என் வேலை. போன வசந்தத்தில் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் அவள் என் வகுப்பைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்த அன்று குழந்தைகள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. ராய்னா எப்போது வருவாள் என்று கேட்டார்கள். மூன்று வாரம். அதற்குள் ஒரு குழந்தையை என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்தேன். தலைமையாசிரியையும் எதையோ யோசித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் பயிற்சிக்குப் போங்கள், ஸ்னெஜினா யாரைப் பற்றி நன்றாக எழுதித் தருகிறாரோ அவருக்கு அந்த வகுப்பு, மற்றவர் மூன்று வயதுக்காரர்களுக்குத் துணையாக இருக்கலாம் என்றார். மூன்று வயதுக்காரர்களுக்குத் துணை என்றால் மூக்குத் துடைப்பது, காலணி மாட்டுவது.

அதன் பிறகுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். என் வகுப்பின் கதவு சரியாக மூடியிருக்காது, இடுக்கில் அவளுடைய பச்சை ஸ்வெட்டர் தெரியும். ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தாள். நான் பேசும்போது என் வாயையே பார்ப்பாள், பிறகு குனிந்து எழுதுவாள். என்ன எழுதுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமில்ல அக்கா, மறந்துடுவேன்ல" என்றாள். ஒன்றுமில்லாததை யாராவது எழுதுவார்களா? மலைமேல் இருந்த அந்தப் பழைய ஓய்வு விடுதிக்குப் பேருந்தில் போகும்போதும் அதை மடியில் வைத்திருந்தாள். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்கிறேன். அன்று ஒவ்வொருவரும் முறை வைத்துப் பாடம் நடத்த வேண்டும். மற்ற அனைவரும் அந்த நேரத்துக்கு ஐந்து வயதுக் குழந்தைகள். தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். கைப்பையும் கைப்பேசியும் நடையில் இருக்கும் கூடைக்குப் போய்விடும், குழந்தைகளுக்கு ஏது கைப்பை? ஒவ்வாமைக்கு அவள் கைப்பையில் வைத்திருந்த ஊசி மருந்தும் அந்தக் கூடையில்தான் இருந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. விதி எடுத்து வைத்தது.

இன்னொரு விதியும் உண்டு. பாடம் நடத்துபவரின் கையில் ஒரு நரிப் பொம்மை இருக்கும், கையுறை மாதிரி மாட்டிக்கொள்வது. நரி விழித்திருக்கும் வரை யாரும் பெரியவர்களாகக் கூடாது, பல்கேரிய மொழியில் பேசக் கூடாது. நரியைப் பையில் போட்டுத் தூங்கவைத்தால்தான் விளையாட்டு முடியும். ஸ்னெஜினாகூட அதை மீற மாட்டார். போன ஆண்டு ஒருத்திக்குத் தொடையில் தேனீ கொட்டியது. பாடம் முடியும் வரை குழந்தை மாதிரியே அழுதாள், எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது நானும் இருந்தேன். எனக்கு இது மூன்றாவது பயிற்சி.

நான் நடத்தியது சுவைகள் பற்றிய பாடம். கண்ணைக் கட்டிக்கொள், வாயைத் திற, என்ன சுவை சொல். புளிப்புக்கு எலுமிச்சை, உப்புக்கு வெண்பாலாடைக்கட்டி, இனிப்புக்குத் தேன். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த பாடம். ஒருவர் என்ன செய்கிறாரோ அதையே மற்றவர்களும் செய்ய வேண்டும் என்று நானே ஒரு சிறு சேர்க்கை வைத்திருந்தேன். எலுமிச்சைக்கு ஒருத்தி முகத்தைச் சுளித்ததும் இருபது முகங்கள் சுளித்தன. ஸ்னெஜினா தலையை ஆட்டி ரசித்து ஏதோ குறித்துக்கொண்டார். அது என்னைப் பற்றிய நல்ல குறிப்பு என்று நினைக்கிறேன். நீங்கள் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

தேன் ராய்னாவுக்கு.

அவள் முதலில் இனிப்பு என்று சரியாகவே சொன்னாள். பிறகு தொண்டையைத் தொட்டாள். எல்லோரும் தொண்டையைத் தொட்டார்கள். இருமினாள். எல்லோரும் இருமினார்கள். கண்கட்டை இழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். உதடு வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் கதவைக் காட்டியபோது இருபது கைகள் கதவைக் காட்டின. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உருண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். ஓக்னியான்தான் எழுந்தார். "இது விளையாட்டு இல்லைங்க, நரியை உள்ள போடுங்க" என்று பல்கேரிய மொழியில் சொன்னார். ஸ்னெஜினா அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அவர் கேட்கவில்லை, கூடைக்கு ஓடினார். இருபத்திரண்டு கைப்பைகள். அவற்றில் எது அவளுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். சாம்பல் நிறம், பித்தளைக் கொக்கி.

நரி என் வலது கையில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு நிமிடம் நரி விழித்தே இருந்தது. மறுநாள் மருத்துவமனையில் அவள் இறந்துபோனாள். விடைகள் உடைக்கப்படவேயில்லை.

நீங்கள் பலமுறை சொல்லிவிட்டீர்கள், இது ஒரு விபத்தாகத்தான் தெரிகிறது என்று. தேனில் கொட்டைத் துகள் இருப்பது சகஜம், பதினேழு பேர் அவள் சொன்னதைப் பொய் என்று நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்று. அன்பாகப் பேசுகிறீர்கள். அன்பாகப் பேசுபவர்கள் எதையோ மறைத்து வைத்திருப்பார்கள், அதனால்தான் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சமையல்காரம்மா தன் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு எல்லோருக்கும் கேக் கொடுத்தார். உள்ளே அக்ரூட் இருப்பது தெரியாமல் ராய்னா ஒரு துண்டு தின்றாள். ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனது நான்தான். அந்த ஊசியை எங்கே, எப்படிப் போடுவது என்று அன்று எனக்கும் காட்டிக்கொடுத்தார்கள். அக்ரூட்டை நான் பயணத்துக்கு முந்தின நாளே வீட்டில் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தில் மாவாக அரைத்தேன். அந்த மூன்று வாக்கியங்களை அவள் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அது தானாகக் கிடைத்தது.

கண்ணைக் கட்டும்போது அவள் விதியை மீறினாள். ஒரே ஒரு முறை, என் காதுக்கு மட்டும், எங்கள் மொழியில் கேட்டாள்.

"அக்கா, அதுல கொட்டை கிட்டை ஒண்ணும் இல்லையே?"

"உனக்கு நான் குடுப்பேனாடி?" என்றேன்.

உடனே வாயைத் திறந்தாள். அவ்வளவு சுலபமாக மற்றவர்களை நம்புகிற ஒருத்தியிடம் குழந்தைகளை விடலாமா, சொல்லுங்கள்.

அவளுடைய இந்த நோட்டுப்புத்தகத்தை ஏன் என் பக்கம் தள்ளுகிறீர்கள் என்று தெரிகிறது. நேற்றே படித்துவிட்டேன், நீங்கள் தண்ணீர் எடுக்கப் போனபோது. ஆமாம், பக்கத்துக்குப் பக்கம் என் பெயர்தான். தெமெனுகா அக்கா எண்களை இப்படிச் சொல்லித்தருகிறாள், அழுகிற குழந்தையிடம் இப்படிக் குனிகிறாள், இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசியில் தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம். ஐந்து வயதுக்காரர்கள் அவளிடமே இருக்கட்டும், எனக்குச் சின்னவர்கள் போதும், அவளிடம் இதைப் பேசக் கூச்சமாக இருக்கிறது. கையெழுத்தைக் கவனித்தீர்களா? ஒரு அடித்தல் திருத்தம் இல்லை. தனக்காக எழுதுகிறவர்கள் இவ்வளவு அழகாக எழுத மாட்டார்கள். யாராவது பார்க்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்று இப்போதாவது உங்களுக்குப் புரியும் என நினைக்கிறேன்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு விஷயம். பதினைந்தாம் தேதி பள்ளி திறக்கிறது. ஐந்து வயதுக்காரர்களுக்கு இப்போது யாருமே இல்லை, முதல் நாளே புது முகம் என்றால் பயந்துவிடுவார்கள். தலைமையாசிரியை என் தொலைபேசியை எடுப்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். காலையில் மட்டும் போதும், இரண்டு மணி நேரம், வாசலில் ஒரு காவலரை நிறுத்திக்கொள்ளுங்கள். தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறீர்களா?