தானாகச் சேர வேண்டும்

— போன வாரம் வேலைக்குப் போயி ஒரு மணி நேரம்கூட ஆகல தம்பி, போன்ல இவரு தெரியுற படம் போயிடுச்சு. பஸ்ஸும் கெடைக்கல, பாதி தூரம் ஓடியே வந்தேன். வந்து பாத்தா மனுஷன் சாவகாசமா கண்ணை மூடிப் படுத்திருக்காரு.

— செத்துட்டேன்னு நெனச்சிட்டா, மெக்கானிக் சார். அந்த அளவுக்கு எனக்கு அதிர்ஷ்டம் இல்ல.

— வாயை மூடுங்க. தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் கேமராவை நம்பித்தான் இவரைப் படுக்கையில விட்டுட்டு பேக்டரிக்குப் போறேன். வீட்டு வைபையை விட்டுட்டா அப்புறம் தானா சேர மாட்டேங்குது.

— பாருங்கக்கா, சின்ன விஷயம். நம்ம வைபை பேருக்குக் கீழ ‘தானாகச் சேர்’னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் போட்டுட்டா, கரண்ட் போயி வந்தாலும் அதுவா தேடி ஒட்டிக்கும்.

— அதைத்தானே போன தடவையும் போட்டீங்க, அதுக்கு முந்தின தடவையும்? இன்னொரு வாட்டி பாதி ஷிப்ட்ல ஓடுனா வேலை கெடையாதுன்னுட்டாரு சூப்பர்வைசர். இந்த வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்தி. இன்னிக்கு ஒரேடியா சரி பண்ணிடுங்க. மழை வருது, மாடியில துணி எடுத்துட்டு வந்துடறேன்.

— போங்கக்கா, நான் பாத்துக்கறேன்... பாருங்கண்ணே, டிக் இல்ல.

— என்னைய ஏன் பாக்கச் சொல்றீங்க? கழுத்து திரும்பாது.

— நான்தான் போட்டேன். அது தானா போகாதுண்ணே. யாராவது எடுத்தாத்தான் உண்டு.

— மேல்வீட்டுப் பூனை வந்து போகும்.

— அந்தக் கட்டத்துக்குப் போக நாலு எடத்துல அமுக்கணும். பூனைக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா? மவுசு உங்க வலது கைக்கு அடியில இருக்குண்ணே.

— ரெண்டு விரல் வேலை செய்யுது சார். சாரம் சரிஞ்சு மூணாவது மாடியிலேருந்து விழுந்தேன், ரெண்டு விரல் மிச்சம். பாட்டு மாத்த, படம் பாக்க.

— டிக்கை எடுத்துட்டு வைபையைத் துண்டிச்சு விட.

— முக்கா மணி நேரம் ஆகும், அந்த அம்புக்குறியை அங்க கொண்டு சேக்க. நடுவுல விரல் இழுத்துக்கிச்சுன்னா மறுபடி முதல்லேருந்து.

— எதுக்குண்ணே இந்த வேலை? அக்காவுக்குப் பொழப்பே போயிடும்.

— தெரியும். காலையில ஏழு மணிக்கு அவ கதவைப் பூட்டுற சத்தம். மத்தியானம் பக்கத்து வீட்டம்மா சாப்பாடு ஊட்டிட்டுப் போகும், ஒரு வார்த்தை பேசாது. அப்புறம் இந்தச் சுவருதான். நானே பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்ச சுவரு. எங்கெங்க மட்டம் தப்பியிருக்குன்னு எண்ணி முடிச்சிட்டேன். அவ என்னைப் பாக்குறா சார். நான் அவளைப் பாக்க முடியுமா? படம் போனாத்தான் கதவு தொறக்குது. வேர்த்து ஊத்த ஓடி வந்து நெத்தியில கை வெச்சுப் பாக்குறா. அப்புறம் திட்டுறா பாருங்க, அது போதும் எனக்கு. அவகிட்ட சொல்லிடாதீங்க.

— டிக்கைப் போட்டுடறேன். எடுக்குறதும் விடுறதும் உங்க இஷ்டம். நான் வாயைத் தொறக்கல.

— ஆச்சா தம்பி?

— ஆச்சுக்கா, துணியை வெச்சுட்டு வந்து ஒரு தடவை பாத்துக்குங்க. நான் கெளம்புறேண்ணே.

— இருங்க தம்பி, படி வரைக்கும் வர்றேன்... மெதுவாப் பேசுங்க, உள்ள கேக்கும். அந்த டிக்கை எடுக்க முடியாதபடி பூட்ட முடியுமா?

— யாருக்கா எடுக்கப் போறா?

— நடிக்காதீங்க தம்பி. படம் போறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு விரலும் அசையறதை போன்ல பாத்துட்டுத்தானே இருக்கேன்.

— தெரிஞ்சேவா ஓடி வந்தீங்க?

— முக்கா மணி நேரம் பாடுபட்டுக் கூப்பிடுறாரு. எப்படி வராம இருக்குறது?

— பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம். ஆனா இத்தனை நாள் விட்டுட்டு இப்போ எதுக்குக்கா?

— போன வாரம் ஓடி வந்தேன்ல, அன்னிக்கே வேலை போச்சு. தினம் ஏழு மணிக்குக் கெளம்புறது வேலை தேடத்தான். ஒரு வழியா கெடைச்சிருக்கு, வேற ஊர்ல. அங்கேயே தங்கணும், மாசத்துக்கு ஒரு நாள் லீவு. நாத்தனார் வந்து இவரைப் பாத்துக்கும். திங்கக்கிழமை போறேன், இவருகிட்ட இன்னும் சொல்லல. பூட்டிடுங்க தம்பி. அவரு கூப்பிட்டு நான் வராமப் போனேன்னு ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.