டிரெய்லரில் தெரிந்த விரிசல்

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும்.

“தேய்க்காமலே வுட்டிருந்தா வித்திருக்கலாம்க்கா,” என்றான் தம்பி.

வீட்டில் ஒரு டம்ளரைக்கூடத் தேய்க்காத நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பேச்சு, படகு ஏற்றும் அலுமினிய டிரெய்லரைப் பற்றியது.

“உப்புக் காத்துல வெள்ளையா பூத்துப் போயி கெடந்துது. வாங்கறவரு வர்றாரேன்னு பாலிஷ் போட்டு பளபளன்னு ஆக்குனேன். பாத்தா, வெல்டிங்குல ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். பேஜாரா பூடுச்சு.”

“மறுபடி வெல்டிங் வெக்க முடியாதா?”

“அலுமினியத்துக்கு நம்ம பக்கம் யாரும் ஒழுங்கா வெக்கறதில்லக்கா. எப்படியும் உப்பு ஏறாம இருக்க மேல மெழுகு பூசணும். அதுக்கு முன்னாடி சில்வர் பெயிண்ட் ஒரு கோட்டிங் அடிச்சுட்டா வெளிய தெரியாது.”

“கரையில படகு ஏத்துறப்போ பின்னாடி நின்னு தள்றது யாரு?”

“அவரோட ஆளுங்கதான்.”

“உன் மாமாவும் அப்படி நின்னுக்கினு இருந்தப்போதான போய்ச் சேந்தாரு. அன்னிக்கும் வெல்டிங்குதான் வுட்டுது. வண்டிதான் வேற.”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் இறங்க வேண்டிய பெருமுக்கல் வந்தது, போயும் விட்டது.

“இத வித்துதானக்கா உன் பொண்ணு பாப்பாவ நர்சிங் சேக்கணும்னு இருந்த?”

“அவ அடுத்த வருசம் சேந்துக்குவா. தள்றவனுக்கும் அடுத்த வருசம்னு ஒண்ணு வேணுமில்ல. வாங்கறவருக்கு போன் போடு, விரிசல நானே சொல்றேன்.”