பாடத்தைப் பஸ் தரிப்பிடம்வரை கொண்டுசென்ற சுல்பிகா ஆசிரியைக்கு

கல்முனைக் கரையின் கடற்காற்று தவழும் இக்கல்விக்கூடத்தில், முப்பத்திரண்டு ஆண்டுகள் குடியியற் கல்வி கற்பித்து ஓய்வுபெறும், கனிந்த சொல்லும் கலங்கா நெஞ்சும் கொண்ட எங்கள் அன்புச் சகோதரி சுல்பிகா அவர்களே! அஸ்ஸலாமு அலைக்கும்.

வாழ்வும் சுதந்திரமும் எவரும் இரங்கித் தந்தவையல்ல, மனிதராய்ப் பிறந்ததாலேயே நமக்குரியவை என்று வகுப்புத்தோறும் வலியுறுத்தினீர்கள். நெசவாளர் பிள்ளையும் மீனவர் பிள்ளையும் உங்கள் முன் தயங்காமல் கை உயர்த்தினர்.

அப்படிக் கை உயர்த்தியவள்தான் சவளக்கடையிலிருந்து வந்த தரம் பத்து மாணவி முஸ்பிறா. மாதச் சலுகைச் சீட்டான சீசன் டிக்கெட்டோடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் காலை பஸ் நிற்பதில்லை. அவர்கள் முதற்பாடத்தை இழப்பது வழக்கமாகிவிட்டிருந்தது.

“டீச்சர், பொறக்கக்குள்ளயே உரிமையும் கூட வாறெண்டு சொன்னீங்க. அப்ப எங்களக் கண்டா மட்டும் ஏன் பஸ் நிக்குதில்ல?”

பக்கத்து வகுப்பில் நின்ற எங்களுக்கும் அது கேட்டது. நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள். “நல்ல கேள்வி புள்ள. கேக்க வேண்டிய ஆக்களிட்டயே கேப்பம்.”

மூன்று வாரம், பஸ் நிற்காத நாள்களைப் பதினான்கு பிள்ளைகள் குறித்துவைத்தனர். பின் தாங்களே பஸ் டிப்போவுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் மனு எழுதி அனுப்பினர். பதிலுக்கு வந்ததோ கல்வி அலுவலகம் உங்களிடம் விளக்கம் கோரும் கடிதம். மாணவரைத் தூண்டிவிட்டீர்களாம்! “தூண்டவில்லை, கற்பித்தேன்” என்று இரண்டே சொல்லில் பதிலளித்தீர்கள். இடமாற்றம் வருமென்ற பேச்சு அடிபட்ட அந்நாள்களில், ஆசிரியர் அறையில் நாங்கள் வாய்திறக்கவில்லை. வெட்கத்தோடு இன்று அதை ஒப்புக்கொள்கிறோம்.

விசாரிக்க வந்த கல்வி அதிகாரி மனுவைப் பிள்ளைகளிடம் காட்டிக் கேட்டார்: “இதெல்லாம் ஆர் எழுதித் தந்த?”

“நாங்கதான் சேர் எழுதின. எழுத்துப்பிழை இருந்தா அதுவும் எங்கடதான்,” என்றாள் முஸ்பிறா.

அவர் சிரித்துவிட்டார், மனுவை முழுவதும் வாசித்தார், பஸ் டிப்போவோடும் பேசினார். அடுத்த திங்கட்கிழமை பஸ் நின்றது. பதினான்கு பேரும் ஏறினார்கள். உங்கள் மீதான விசாரணையும் கைவிடப்பட்டது. அதன்பின் பிள்ளைகள் நூலகத்தைச் சனிக்கிழமையும் திறக்கக் கேட்டபோது, நாங்கள் அவர்களுக்குப் பின்னால் ஒளியவில்லை; பக்கத்தில் நின்றோம். அந்தத் துணிவைத் தந்தவர் நீங்களே!

நேற்று எங்கள் சக ஆசிரியை நதீரா, “இனி வீட்டில என்ன செய்யப்போறீங்க?” என்று கேட்டார்.

“வீட்டில ஆர் இருக்கப்போற? மாநகர சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில குந்தியிருப்பன். கேட்டுக்கிட்டிருக்க ஆள் இருந்தா, மெம்பர்மாரும் கவனமாக் கதைப்பாங்க.”

அந்தப் பின்வரிசையில் நெடுங்காலம் நலமோடு நீங்கள் அமர்ந்திருக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக! பக்கத்தில் எங்களுக்கும் இடம் பிடித்து வையுங்கள்.

அன்பும் நன்றியும் மறவாத
ஆசிரியர்கள், கல்விசாரா ஊழியர்கள்