மாமனாரின் லைட்டர்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க நண்பர்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் எக்ஸ்ரே கவர்.

“எங்க மாமனார மறுபடி பீடி குடிக்க வச்சது நாந்தேன்,” என்றார் அவர் திடீரென்று.

“என்னப்பா சொல்ற? அவுக நெஞ்சு வலி வந்து விட்டுட்டாகள்ல?”

“மலேசியா போனப்ப சல்லிசாக் கெடைச்சுதுன்னு ஒரு லைட்டர் வாங்கியாந்து குடுத்தேன். அவுக பீடிய விட்டதே எனக்கு மறந்துபோச்சு. மருமகன் குடுத்ததுன்னு பாக்குற ஆளுககிட்டயெல்லாம் காட்டிக் காட்டிப் பத்த வச்சிருக்காக. இன்னிக்கி டாக்டர் இந்தப் படத்தப் பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டாரு.”

“லைட்டர வாங்கி ஒளிச்சு வைக்க வேண்டியதுதான?”

“காலைல அவுகளே எடுத்துக் குடுத்தாக. ‘காஸ் தீந்துருச்சு மாப்ள, தேனில அடைச்சிட்டு வாங்க’ன்னாக. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல எங்கிட்ட அவுக வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதேன்.”

நண்பர் அவர் மடியிலிருந்த எக்ஸ்ரே கவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அடைச்சியா?”

அவர் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அடைச்சுட்டேன்.”