அமிலம் என்றால் புளிப்பு

ரபியா: ...சிங்கப்பூர்ல, இந்தத் தேக்காவுல மட்டும் இத்தனை சோத்துக்கடை இருக்கு. கிளமெண்டியிலேர்ந்து என் கடையத் தேடி வர்றீங்க. அதான் டாக்டர், உங்ககிட்டயே கேட்டுடலாம்னு...

சயந்தினி: நான் லேப்ல எலிக்குத்தான் டாக்டர், ரபியாக்கா. ஏன், கடையில எலியா?

ரபியா: மெதுவா லா! கஸ்டமர் ஓடிடுவாங்க... பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேக்குறேன். ஈசூன்ல, எங்க புளோக்குதான். ஆறு வயசு. மூளையில கட்டி... ஆபரேஷன் முடிஞ்சு கீமோ போயிட்டிருக்கு.

சயந்தினி: ஐயோ... பேரென்ன?

ரபியா: அஹ்சன். அந்தக் கட்டிக்கு அமிலம்தான் தீனின்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. அதான்... புளிய நிறுத்தியாச்சு.

சயந்தினி: புளியவா?

ரபியா: புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர்... புளிப்பே கிடையாது. பதினெட்டு நாளாச்சு.

சயந்தினி: சாப்பிடுறானா?

ரபியா: எங்க... கீமோ ஆரம்பிச்சதுலேர்ந்து புளியாணம் ஒண்ணுதான் உள்ள இறங்கும்.

சயந்தினி: புளியாணம்னா...

ரபியா: உங்க ரசம் லா! அதுவும் இல்லாம ரெண்டு கிலோ இறங்கிட்டான். இன்னும் இறங்குனா அடுத்த கீமோவத் தள்ளிப்போடணும்னு சொல்லிட்டாங்க.

சயந்தினி: அக்கா, அது அமினோ அமிலம். பேருலதான் அமிலம். புளிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மீன், முட்டை, பருப்பு எல்லாத்துலயும் இருக்கிறது.

ரபியா: அல்லாஹ்! அப்ப மீனையும் நிறுத்தணுமா?

சயந்தினி: வேணாம், வேணாம்! நாங்க எலிக்குத்தான் குறைச்சுப் பாத்தோம். பிள்ளைக்கு எதையும் நிறுத்தக் கூடாது. புளியாணம் தாராளமா கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லுங்க.

ரபியா: நிச்சயமாவா?

சயந்தினி: நிச்சயமா.

ரபியா: பின்ன எந்த மடையன் லா அப்படி எழுதுனான்?

சயந்தினி: ...மடையன் இல்லக்கா.

ரபியா: நீங்க வேற! அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு...

சயந்தினி: எங்க லேப்லேர்ந்து பேப்பருக்குத் தமிழ்ல எழுதிக் கொடுத்தது நான்தான். 'அமினோ' இங்கிலீஷா இருக்கே, நல்ல தமிழா இருக்கட்டுமேன்னு... 'அமிலம்'னு மட்டும் போட்டுட்டேன். அந்தப் பிள்ளையப் பெத்த உம்மாவ நானே நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும். எந்த வீடுக்கா?

ரபியா: ...இருங்க, ஒரு போன் பண்ணிக்கிறேன்... ஹலோ, அஹ்சன்? வாப்பாகிட்ட புளி ஊறப்போடச் சொல்லுடா... ம், நெசமாத்தான்... உம்மா இப்பவே கடைய அடைச்சிட்டு வர்றேன்.