பெரிய வெள்ளியன்று கார் ஓடியது பற்றி

1983 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2 ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் 9.40 மணி. பதிவு செய்பவர்: பொலிஸ் சார்ஜன்ட் செல்வரட்ணம்.

பெயர்: பிலிப்பு கனிசியஸ். வயது: 44. தொழில்: வள்ள எஞ்சின் திருத்துதல். முகவரி: கடற்கரை வீதி, குருநகர், யாழ்ப்பாணம். சமயம்: றோமன் கத்தோலிக்கம்.

நான் மேற்படி முகவரியில் மனைவி ஸ்ரெல்லாவுடன் வசிக்கிறேன். பதினெட்டு வருடமாக வீட்டு முற்றத்தில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தி வருகிறேன். எங்கள் கோயில் மூப்பர் சந்தியோகு நேற்று மாலை எனக்கெதிராகச் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் சனம் முழந்தாளில் நின்ற நேரம் பார்த்து, வேண்டுமென்றே கார்ச் சத்தம் எழுப்பி வழிபாட்டைக் குழப்பினேன் என்பது முறைப்பாடு. சத்தம் எழும்பியது உண்மை. வேண்டுமென்றே என்பது பச்சைப் பொய்.

அந்தக் கார் கூரை மடக்கக்கூடிய சிவப்பு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். 1980 ஆவணியில் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு டொக்டரிடம் வாங்கினேன். இளந்தாரிக் காலத்திலிருந்து இருந்த ஆசை. வாங்கிய நாள் முதல் நேற்று வரை எனக்காக அதை ஒரு மைல்கூட ஓடியதில்லை. ஓடிய ஓட்டமெல்லாம் ஊருக்குத்தான். அதில் எஞ்சின் ஏறியது, ஐஸ் பெட்டி ஏறியது, ஒரு மாப்பிள்ளை ஏறினார், பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண்ணும் ஏறினாள். ஓடாத நாளில் ஸ்ரெல்லா அதன் மேல் சாக்கு விரித்து இறால் காயப்போட்டாள்.

மூன்று வருடமாக நேரம் கிடைக்கவில்லையா என்று சார்ஜன்ட் கேட்டார். கிடைக்கவில்லை. கிழமை நாளில் விடிய வள்ளங்கள் கரைக்கு வந்ததும் எஞ்சினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய நாள் என்று எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. கடலுக்குப் போகாத நாளில் அவர்களுடைய எஞ்சின் சும்மா கிடக்கும், அதனால் அன்றைக்குத்தான் எனக்கு ஆகக்கூடிய வேலை. பூசை முடிந்து சுவாமியார் உடுப்பு மாற்றுமுன் என் முற்றத்தில் ஏழெட்டு எஞ்சின் வரிசையில் கிடக்கும். "அண்ணை, ஒருக்காப் பாருங்கோ, சின்ன வேலைதான்" என்பார்கள். சின்ன வேலை என்று வந்து சின்ன வேலையாக முடிந்த எஞ்சினை நான் இன்னும் காணவில்லை. நத்தார் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல வருகிறவனும் கையில் ஒரு காபரேற்றரோடுதான் வருகிறான்.

மிஞ்சுவது பெரிய வெள்ளி மட்டுமே. அன்று எங்கள் பகுதியில் ஆணி அறைய மாட்டார்கள், சுத்தியல் தொட மாட்டார்கள், கோயில் மணிகூட அடிக்காமல் மரக்கட்டைதான் தட்டுவார்கள். எஞ்சின் தூக்கி வர எவனுக்கும் துணிவு வராது. கார் ஓடக்கூடாது என்று எந்தச் சுவாமியாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே தை மாதமே இந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது கொடிகாமத்தில் ஒரு சாமான் எடுத்துவரச் சொல்லியிருப்பார்கள்.

நேற்று முற்பகல் ஸ்ரெல்லா ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பசாம் பாடக் கோயிலுக்குப் போன பிறகு, பதினொரு மணியளவில், காரைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சந்தியில் ஸ்ராட் செய்தேன். கொடிகாமம் வரை போய் ஒரு மணிக்கு முன் திரும்புவது என் எண்ணம். அரியாலை தாண்டி, நாவற்குழிப் பாலத்தடியில் கூரையை மடக்கினேன். அதன் பிறகு மீசாலை வரை பதினொரு நிமிடம் ஓடினேன். வேகம் கேட்கப்பட்டது. ஒருமுறை அறுபது மைல் தொட்டேன், மறைக்கவில்லை. ஐம்பத்தைந்தில் ஸ்ரியரிங் நடுங்கியது, அறுபதில் நடுக்கம் நின்றுவிட்டது. வெறும் றோட்டு. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. ஒருவரும் "அண்ணை" என்று கூப்பிடவில்லை. நான் தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு மீசாலையில் ஒருவர் றோட்டின் நடுவே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கத்தரித் தோட்டக்காரர் கனகரத்தினம். ஒருமுறை அவருடைய தண்ணீர் இறைக்கிற மெசினைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். "தம்பி, கடவுளாப் பாத்தெல்லோ உம்மை அனுப்பியிருக்கிறார்! மூண்டு நாளா இறைப்பில்லை, கத்தரிக் கண்டெல்லாம் வாடுது" என்றார். இன்று ஸ்பானர், சுத்தியல் என்று ஒரு ஆயுதமும் தொட மாட்டேன் என்றேன். "தொட வேண்டாம், ஒருக்காப் பாரும்" என்றார். பார்த்தால் தொடாமல் விடுகிற ஆளா நான்? என்னைச் சொல்ல வேண்டும். அவருடைய ஒழுங்கைக்குள் இறங்கும்போது, பதிந்த காரானபடியால், குறுக்கே கிடந்த பனங்கொட்டு ஒன்றில் அடிபட்டுச் சைலன்சர் கழன்று விழுந்தது. மெசின் இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. சைலன்சரைக் கட்டக் கம்பிகூட அவரிடம் இல்லை. ஒரு கடகம் கத்தரிக்காய் தந்தார்.

சைலன்சரில்லாத அந்தக் கார் போட்ட சத்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சாவகச்சேரியில் நாய்கள் துரத்தின. மாலையில் ஆண்டவருடைய சுரூபத்தைத் தூம்பாப் பெட்டியில் வைத்துச் சுமக்கும்போது முன் வலது தண்டைத் தூக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்குரியது, பாட்டன் காலத்திலிருந்து. அதற்குக் குளித்து நேரத்துக்குப் போக வேண்டுமென்று விரைந்து வந்தேன். வீதி வழியே வரும் சிலுவைப்பாதை அந்த நேரம் எங்கள் வீட்டைத் தாண்டியிருக்கும் என்று நினைத்தேன். தாண்டவில்லை. சரியாக மூன்று மணிக்கு, பன்னிரண்டாம் தலத்தில், ஆண்டவர் உயிர்விட்டதை வாசித்துவிட்டுச் சனமெல்லாம் மௌனமாக முழந்தாளில் நிற்கையில், நான் கத்தரிக்காயோடு வளைவால் திரும்பினேன். உடனே எஞ்சினை நிறுத்தினேன். நிற்கும்போது அது ஒரு வெடி வேறு வெடித்தது. முன் வரிசையில் நின்ற ஸ்ரெல்லா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை மூப்பர் தூம்பாவின் முன் வலது தண்டில் தன் மருமகனை நிறுத்தினார். நான் பின்னால் சனத்தோடு நடந்தேன்.

இன்று காலை மூப்பரும் ஸ்ரெல்லாவும் என்னுடன் இந்த நிலையத்துக்கு வந்தார்கள். அந்தர அவசரமான வேலைக்குத்தான் நான் போனேன் என்று எழுதுவித்தால் முறைப்பாட்டை மீளப் பெறுவதாகவும், தண்டு மறுவருடம் எனக்கே என்றும், ஆசைக்கு ஓடப் போனேன் என்றால் இனி என் குடும்பத்துக்குத் தூம்பாவில் இடமில்லை என்றும் மூப்பர் சொன்னார். சொல்லிவிட்டு, என் முற்றத்தில் கிடக்கும் தன்னுடைய எஞ்சின் திங்கள் விடியமுன் வேண்டும் என்றார். என்மேல் பொலிசில் முறைப்பாடு போட்டுவிட்டு எஞ்சினும் கேட்கிறீரோ என்று கேட்டதற்கு, "அது வேறை, இது வேறை" என்றார். இந்த மனிதரோடு என்ன கதைக்கிறது?

ஸ்ரெல்லாவும் "இஞ்சாருங்கோ, மெசின் திருத்தத்தான் போனனான் எண்டு சொல்லுங்கோவன், வாயா தேயப்போகுது?" என்று கெஞ்சினாள். சார்ஜன்ட் ஏற்கெனவே 'அவசர வேலை நிமித்தம்' என்று எழுதியும்விட்டார். எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. பெரிய வெள்ளியில் ஸ்பானர் பிடித்து மெசின் திருத்தியது குற்றமில்லையாம், பதினொரு நிமிடம் சிரித்ததுதான் குற்றமாம். வேலைக்குப் போகவில்லை, ஓடிப் பார்க்கும் ஆசையில் போனேன் என்று சொல்லி அந்த வரியை வெட்டுவித்தேன். தண்டு போனால் போகட்டும் என்றேன். மூப்பர் எழுந்து வெளியே போனார்.

ஸ்ரெல்லா போகவில்லை. "அப்பிடிச் சந்தோசமா இருந்ததெண்டால், என்னையும் வாறியோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களே? இந்த மூண்டு வருசத்திலை ஒருக்காவெண்டாலும் கேட்டனீங்களே?" என்றாள்.

இதையும் எழுதுவதா என்று சார்ஜன்ட் கேட்டார். எழுதும்படி சொன்னேன். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மூப்பருடைய முறைப்பாட்டை நான் ஏற்கவில்லை, இதை ஏற்கிறேன்.

மேலே எழுதியதெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. வெட்டிய வரிக்குப் பக்கத்திலும் ஒப்பமிட்டுள்ளேன்.

(ஒப்பம்) பி. கனிசியஸ்